எந்தப் பச்சை?

உள்ளறையில் கடகடவென்று ஏதோ சரிந்து விழுந்தது. அடுத்த கணம், சின்னச் சின்னச் சக்கரங்கள் தரையெங்கும் ஓடுவது போல ஒரு சத்தம்.

முன்னறையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த ஊசி மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். ஒல்லியான உடம்புக்காகத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. விழுந்தது நூற்கண்டுப் பெட்டி என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்லப்பா! அலமாரியைத் துடைச்சேன், பெட்டி கவுந்துடுச்சு. எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டேன்," என்று மகள் குரல் கொடுத்தாள்.

அள்ளிப் போட்டுவிட்டாளாம்! பெட்டியின் எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று மனைவி அடுக்கி வைத்திருந்த ஒழுங்கில்தானே அவர் பிழைப்பே ஓடியது? ஊசி மாஸ்டருக்குப் பச்சையும் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி. அது மனைவி மட்டும் அறிந்த ரகசியம். பெற்ற மகளிடம்கூட அவர் வாய் திறந்ததில்லை. அந்த மனைவியோ தங்கையின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் துணிக்கடை முதலாளியம்மா. வருஷக்கணக்காக மாஸ்டருக்குத் தையல் வேலை கொடுப்பவர்.

"என்ன மாஸ்டர், முகம் வெளுத்துப் போச்சு? நூல்தானே கொட்டுச்சு, நகையா கொட்டுச்சு?" என்று சிரித்தார். "இந்தப் பச்சைக் கவுன் ஓரத்தை மடிச்சு அடிச்சுக் குடுங்க, கையோட வாங்கிட்டுப் போறேன். நான் ஆரம்பிக்கிற புதுத் தையல் பட்டறைக்கு மேற்பார்வைக்கு வரச் சொன்னேனே, என்ன ஆச்சு? பத்துப் பேர் தைப்பாங்க. எந்தத் துணிக்கு எந்த நூல், எந்தப் பொத்தான்னு நீங்க பாத்துச் சொன்னா போதும். உங்க கண்ணு மாதிரி யாருக்கு வரும்?"

கண்! அந்த ஒரு சொல்லில் அவர் பார்வையைத் தையல் இயந்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் ஒரே குவியல். "பாப்பா, அந்தப் பச்சையை எடும்மா," என்றார், சாதாரணமாகச் சொல்வது போல.

"எந்தப் பச்சைப்பா? நாலு இருக்கே." அவள் இரண்டை மட்டும் எடுத்து நீட்டினாள். "இதுவா, அதுவா? மாஸ்டர் நீங்களா, நானா?"

அவருக்கு இரண்டும் ஒரே சேறாகத் தெரிந்தன. குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டுவிடலாம். இன்று தப்பிக்கலாம். ஆனால் நாளைக்கு? பட்டறையில் பத்துப் பேர் சூழ்ந்து நின்று இதையே கேட்பார்களே! மனைவியை மடியிலா கட்டிக்கொண்டு போக முடியும்? தினம் தினம் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ள, எத்தனை நாள் உயிரோடு இருப்பது? ஐயோ, மகள் எதிரிலா சொல்ல வேண்டும்?

"எனக்கு... நிறம் தெரியாதும்மா." முதலாளியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்; தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "பச்சை, சிவப்பு எதுவும் தெரியாது. வீட்ல அவதான் எடுத்து வைப்பா."

முதலாளியம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மகளின் கையிலிருந்து நூற்கண்டு நழுவியது.

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்தினீங்களா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"அப்போ, போன வருஷம் சாம்பல் சட்டைக்கு ரோஸ் நூல்ல பொத்தான் காஜா போட்டீங்களே... புது டிசைன்னு சொல்லி ஊரெல்லாம் பெருமை அடிச்சேனே!"

"அது ரோஸா?" என்றார் ஊசி மாஸ்டர்.

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. பெட்டியைக் கிளறி, தானே ஒரு கண்டை எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்தார். "இதுதான். அடிங்க."

ஊசி மாஸ்டர் பெடலை மிதித்தார். கொலைக் குற்றவாளி போலக் குனிந்து, கண்ணீர் துணியில் விழாமல் தைத்து முடித்தார். அந்த அம்மா ஓரத்தை விரலால் முழுக்கத் தடவிப் பார்த்தார்.

"பட்டறை வேலை உங்களுக்கு இல்லை மாஸ்டர்."

"தெரியும்மா."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவர், திரும்பாமலே சொன்னார்: "இனிமே துணியோட நூலையும் சேத்தே அனுப்பறேன்."

மகள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.