கை நனைக்காமல் போனவர்கள்

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. "சார் நாலு வார்த்த பேசுவாரு" என்று சொல்லி யாரோ என் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். இப்போதைய மைக்குக்கு வாசனையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? தலையில் பஞ்சுக் குல்லா போட்டுக்கொண்டு சுத்தபத்தமாக இருக்கிறது. அந்த நாள் இரும்பு வலை மைக்கை வாயருகே கொண்டுபோனால் துருவும் வெற்றிலையும் முன்னால் பேசியவர் சாப்பிட்ட சாப்பாடும் சேர்ந்து வரும். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் அதைத் தள்ளினேன். "ஒரு காலத்துல உங்க கையிலேர்ந்து மைக்க புடுங்க ஆள் வைக்கணும்," என்றாள் மனைவி. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த இரும்பு வலை மைக்கை நான் பிடித்தது சிதம்பரத்தில். தெற்கு வீதியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் தொண்டு நிறுவனம் இருந்தது. படியேறும்போதே புது டயர் வாடை மூக்கில் ஏறும். பலகையில் என் பெயருக்குக் கீழே 'இயக்குநர்' என்று எழுதிவைத்திருந்ததால், எதிர் டீக்கடைக்காரர் முதல் மாதம் முழுக்க, "ஷூட்டிங் எப்ப சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த ஜீப்புகள் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போன பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். ஏழைக் குடும்பங்களை வறுமையிலிருந்து மேலே கொண்டுவருவது எங்கள் வேலை. ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தால் சில வருடம் விடமாட்டோம். ஆடோ மாடோ தையல் மிஷினோ, எது ஒத்துவருமோ அது. பிள்ளைகளின் படிப்பு. வீட்டுக்காரர் குடிக்கிற ஆளாக இருந்தால் அவரோடு மல்லுக்கட்டு. நல்ல வேலைதான், இப்போதும் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை, மேலே வந்துவிட்ட குடும்பங்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுப்போம். குடும்பம் மேடையில் வரிசையாக நிற்கும். நான் மைக்கில் முதலில் 'அன்று' சொல்வேன், பிறகு 'இன்று' சொல்வேன், கைதட்டல், சால்வை, போட்டோ, கீழே சாம்பார் சாதம். முதல் வருட விழாவில் வெளியூரிலிருந்து வந்த நன்கொடையாளர் அம்மாள் ஒருவர் 'அன்று' பகுதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. வருடத்துக்கு வருடம் என் 'அன்று' நீண்டுகொண்டே போனது, 'இன்று' இரண்டு வரியில் முடிந்தது. எந்த இடத்தில் குரலை இறக்கினால் சபை 'ச்சூ' கொட்டும் என்று எனக்குக் கைவந்துவிட்டது. கதாகாலட்சேபத்துக்குப் போயிருந்தால் பேர் வாங்கியிருப்பேன், யாருக்கும் கெடுதலும் நடந்திருக்காது.

கொளஞ்சியம்மாளைச் சொல்கிறேன். பண்ருட்டிக்குக் கிழக்கே முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில் அவர் வீடு. அந்தப் பக்கம் போனாலே வறுத்த முந்திரிக்கொட்டைப் புகை தொண்டையைக் கீறும். கூலிக்குக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவர். கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்திருக்கும். கணவர் ராமலிங்கம் அப்போது பாதி நாள் சாராயத்தில், மீதி நாள் அந்தக் களைப்பில். நாங்கள் கொஞ்சம் முதல் கொடுத்தோம். கொட்டையைச் சொந்தமாக வாங்கி வறுத்து உடைத்துப் பருப்பாகப் பண்ருட்டிக் கடைக்குப் போட ஆரம்பித்தார்கள். ராமலிங்கம் குடியை விட்டார். எங்களால் விட்டார் என்று நான் மேடையில் சொல்வது வழக்கம். மகள் ரேவதி அவரோடு பேசுவதை நிறுத்தியதால் விட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு மழை நாளில் அவர்கள் வீட்டில் ஒதுங்கியிருந்தபோது கொளஞ்சியம்மாள் ஒன்று சொன்னார். ரேவதி பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டையைச் சாப்பிடாமல் பாவாடை மடிப்பில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுப்பாளாம். "நான் அங்கியே தின்னுட்டேன்"னு சொல்லுவாளாம். ஒருநாள் வழியில் முட்டை நசுங்கி, பாவாடையெல்லாம் ஆகி, கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அடுப்பைத்தான் பார்த்தேன். ஆனால் மனசுக்குள் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

விழாவுக்குக் கூப்பிட்டபோது அவர் மசியவில்லை.

"சால்வ எல்லாம் வேணாம் சார். குடுக்கணும்னா வூட்டுக்கே வந்து குடுத்துடுங்க."

"நீங்க வந்தாத்தாம்மா மத்தவங்களுக்கு ஒரு தைரியம் வரும்."

"மேடையில ஏத்தி என்னாத்த சார் பேசறது?"

"நீங்க ஒன்னும் பேச வேணாம். நாங்க பேசிக்கறோம்."

இதைவிட ஒரு நல்ல பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

ராமலிங்கத்துக்கோ தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் அவருக்குச் சால்வை போட்டதில்லை. ரேவதிக்கு அப்போது நெல்லிக்குப்பத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பையன் டிராக்டர் மெக்கானிக். ரேவதிக்கும் பிடித்திருந்தது, அவள் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே விஷயம் அதுதான் என்று அவள் அம்மாவே சொல்லியிருந்தார். பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ராமலிங்கம் யாரிடமும் சொல்லாமல் சம்பந்தி வீட்டுக்கு நேரே போய், "செதம்பரத்துல எங்களுக்கு சால்வ போடறாங்க மச்சான், குடும்பத்தோட வந்துடணும்" என்று அழைத்துவிட்டு வந்திருக்கிறார்.

வந்தார்கள். மூன்றாவது வரிசையில், அப்பா, பட்டுப்புடவையில் அம்மா, பையனின் மாமா, இன்னும் சிலர். யாரென்று தெரியாமலே, மண்டபம் நிறைகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பேசினேன். ஒருவேளைக் கஞ்சியைச் சொன்னேன். சாராயக் கடை வாசலில் ராமலிங்கம் விழுந்து கிடந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்திலேயே புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கி முட்டைக்கு வந்தேன். பாவாடை மடிப்பைச் சொன்னேன், நசுங்கியதைச் சொன்னேன், பிள்ளைகள் சிரித்ததைச் சொன்னேன். சபை 'ச்சூ' கொட்டியது. ரேவதி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கு என்று விளங்காமல் நான் 'இன்று'க்குப் போனேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் பார்க்க வந்த இடத்தில் முடிவாகும் வரைக்கும் கை நனைக்க மாட்டார்கள். முடிவான பிறகு சாப்பிடாமல் எழுந்து போவதில்லை. நெல்லிக்குப்பத்துக்காரர்கள் கொளஞ்சியம்மாள் வீட்டில் ஏற்கெனவே வடை பாயசத்தோடு சாப்பிட்டவர்கள். அன்றைக்குப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அவர்கள் மாடியிலிருந்து இறங்கி, பந்தியைத் தாண்டி, நேரே வாசலுக்குப் போனார்கள். ராமலிங்கம் சால்வையோடு பின்னால் ஓடினார்.

"மச்சான், ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போலாம் மச்சான்."

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

நெல்லிக்குப்பம் போகிற வழியில் இருக்கிற கடலூருக்குச் சிதம்பரத்திலிருந்து எந்த நேரமும் பஸ் உண்டு. இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது, நான் அப்போது மேலே நன்கொடையாளர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே வந்தபோது கொளஞ்சியம்மாள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார், சோற்றைத் தொடவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அத உங்ககிட்ட மட்டுந்தான் சார் சொன்னேன்," என்றார்.

சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினேன். எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற தொழில் அல்லவா. பழத்தட்டோடு நெல்லிக்குப்பம் போனேன். பையனின் அம்மா மரியாதையாக நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க அவுங்களுக்கு என்ன சார் வேணும்?" என்று கேட்டார்.

சம்பந்தம் பேச வருகிறவரை யாரும் முதலில் கேட்கிற கேள்விதான். மாமாவா, சித்தப்பாவா, ஊர்க்காரரா? அந்த வீட்டுக்கு வருடக்கணக்கில் போய்வந்திருந்தும் எனக்குச் சொல்ல ஓர் உறவுமுறை இல்லை. "அந்த நிறுவனத்துக்கு நான்தான் இயக்குநர்," என்றேன். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நாங்களும் கஞ்சி குடிச்சவங்கதான் சார். இல்லாததுல என்னா கேவலம்? ஆனா அந்தப் பொண்ண நிக்கவச்சி நீங்க மைக்குல சொல்லிட்டீங்களே. எங்க ஜனம் பூரா கேட்டுச்சி. நாளைக்கி இந்தத் தெருவுல அது தண்ணி எடுக்கப் போனா, முட்ட போவுதுன்னுதான் சொல்லுவாங்க. அது இங்க வந்து எப்புடி சார் வாழும்?"

பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

விழாவை நிறுத்திவிட்டேன். ஏன் என்று நன்கொடையாளர்கள் கேட்டபோது மண்டபம் கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னேன். கொளஞ்சியம்மாள் வீட்டுப் பக்கமும் போகவில்லை. மற்றவர்களை அனுப்பினேன், பருப்பு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று வந்து சொன்னார்கள். எனக்குத் தைரியம் இல்லை என்பதை வேலை அதிகம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பெரும்புயல் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, பண்ருட்டிப் பக்கமே மொட்டையாகிவிட்டது. அப்போது போகாமல் இருக்க முடியவில்லை. வண்டியில் தார்ப்பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போனேன். கொளஞ்சியம்மாள் வீட்டுக் கூரை பறந்துபோய்ச் சுவர் மட்டும் நின்றது. பாத்திரங்களை வெயிலில் பரப்பியிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தித் துடைத்துப் போட்டார்.

"ரேவதி எப்படிம்மா இருக்கா?"

"திருப்பூர் பக்கம் குடுத்துட்டோம் சார். ரெண்டாந்தாரம். தூரந்தான். அங்க எங்கள யாருக்கும் தெரியாது."

கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்க எனக்கு வழியும் இல்லை. டிரைவர் தார்ப்பாயை இறக்கப் போனார். கொளஞ்சியம்மாள் கை காட்டி நிறுத்தினார்.

"எங்களுக்கு வேணாம் சார். நாங்க நல்லாதான் இருக்கோம்."

மேலே பார்த்தேன். வீட்டுக்குள்ளிருந்து வானம் முழுசாகத் தெரிந்தது. "கூரையில்லாம எப்படிம்மா? மறுபடி மழை வந்தா?"

"நனைஞ்சா காஞ்சிடும் சார்," என்றார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வாங்குனா சொல்லுவீங்க."

இனி சொல்லமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அவர் அதற்குள் பாத்திரங்களைத் திருப்பி வைக்கக் குனிந்துவிட்டார். தார்ப்பாயைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்த வருடம் எங்கள் நிறுவனத்தை மூடினோம். சைக்கிள் கடை போய்விட்டது, மாடியில் இப்போது டியூஷன் சென்டர். விழா நடந்த மண்டபத்தை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். புகை போட்டுக் கொட்டை வறுக்கிற வீடுகளும் பண்ருட்டிப் பக்கம் குறைந்துவிட்டன, எல்லாம் மிஷின். சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக ஒட்டுக்கன்று வைத்து, அதுவே இப்போது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து காய்க்கிறது. பண்ருட்டிக்கு ஏதாவது வேலையாகப் போனால் பஸ் கொளஞ்சியம்மாள் ஊர் நிறுத்தத்தில் நின்றுதான் போகிறது. நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை.