முதல் வரியோடு நிறுத்தியவன்

என் மச்சானின் நெஞ்சில் நான் உதைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கொட்டாஞ்சேனையில், அவருடைய இரும்புக் கடைக்குள் வைத்து. ஒரே ஒரு உதைதான். ஆனால் முழு மனதோடு உதைத்தேன். குழாய்கள் சாத்தி வைத்திருந்த மூலையில் போய் விழுந்தார். குழாய்களும் அவர் மேல் சரிந்தன. கடையில் வேலைக்கு நின்றவர்கள் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்திராவிட்டால் இரண்டாவதும் விழுந்திருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

அன்று காலை ஆறரை மணிக்கு என் தங்கச்சி பத்து வயது மகளோடும் ஒரு பள்ளிக்கூடப் பையோடும் வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் ஓட்டோவால் வந்து இறங்கியிருந்தாள். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"படியில விழுந்திட்டன் அண்ணா" என்றாள்.

"இல்லை மாமா. அப்பா சட்டி மூடியால அடிச்சவர்" என்றாள் மருமகள்.

பிள்ளைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சப்பாத்தை மாட்டினேன். கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தவன் நான். சொந்தக் கடை, குடிப்பழக்கம் இல்லை என்று விசாரித்தேன். கைநீட்டும் பழக்கம் உண்டா என்று நம்மில் யார் விசாரிக்கிறோம்? நான் தனிக்கட்டை. என் குணத்துக்கு எவரும் பெண் தரவில்லை, அவர்கள் செய்ததும் நல்லதுதான்.

மச்சான் நேரே பொலிசுக்குப் போனார். பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்கள். சார்ஜன்ட் நல்ல மனிதர், சிங்களமும் உடைந்த தமிழுமாக விளக்கினார். எலும்பு முறியவில்லை என்றால் சின்னக் காயம், மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள், அங்கே பேசித் தீர்க்கலாம். எலும்பு முறிந்திருந்தால் அது கடுங்காயம், கோர்ட், பிணை, வழக்கு. "மாத்தயா, எல்லாம் அந்த எக்ஸ்ரேயில்தான் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வரமுன்னமே மச்சானின் செய்தி தங்கச்சியின் போனுக்கு வந்துவிட்டது. எலும்பு உடைந்திருந்தால் உன் அண்ணனை உள்ளே போடுவேன். நீ பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தால் வழக்கை வாபஸ் வாங்குவேன். அவ்வளவுதான் செய்தி.

"நான் போறன் அண்ணா" என்றாள் தங்கச்சி. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பை இன்னும் பிரிக்கப்படாமல் கதவடியில் கிடந்தது.

"எக்ஸ்ரேப் படம் வரட்டும். அதுவரைக்கும் வாசலைத் தாண்டினாய் எண்டால் காலை முறிப்பன்" என்றேன். நான் அன்பு காட்டும் விதம் அது.

பொலிஸ் அனுப்பிய ஆஸ்பத்திரியை நம்பாமல் மச்சான் அன்றைக்கே ஒரு தனியார் இடத்திலும் நெஞ்சுப் படம் எடுத்திருந்தார். அங்கே அவருடைய பெயருக்கு நேரே பதிவாகியிருந்தது தங்கச்சியின் போன் நம்பர். வீட்டில் யாருக்கு இரத்தம் சோதித்தாலும் வரிசையில் நின்று பதிகிறவள் அவள்தானே. அதனால் மறுநாள் மத்தியானம் அறிக்கை கடதாசியாக அவர் கைக்குப் போகமுன் அவள் போனுக்கு வந்து விழுந்தது. அவள் ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு போனை என்னிடம் நீட்டினாள்.

எழுத்து பொடியாக இருந்தது. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். முதல் வரி திரை முழுக்க நிறைந்தது: விலா எலும்புகளில் முறிவு எதுவும் தெரியவில்லை. நான் கத்திய கத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வாசித்து, அதைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அந்த நான் நாலு வரி அறிக்கையில் ஒரு வரியோடு நிறுத்தினேன். மச்சானும் அதையேதான் செய்தார் என்று பிறகு அறிந்தேன். முறிவு இல்லை என்ற வரியை வாசித்ததும் கடதாசியைக் கசக்கிக் கடை முன் சாக்கடைக் கானுக்குள் எறிந்தாராம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு இரண்டு ஆத்திரக்காரர்கள்.

பொலிஸ் அனுப்பிய ஆஸ்பத்திரியும் முறிவு இல்லை என்று மட்டும் எழுதியது; மத்தியஸ்த சபைக்குத் தவணை நாள் தந்தார்கள். மருமகள் இங்கிருந்தே பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தங்கச்சியின் உதடு ஆறியது. ஒருநாள் குசினியில் நின்று சிரித்தாள், எதற்கென்று நினைவில்லை. அப்படி இரண்டு கிழமை போனது.

பிள்ளைக்கு இருமல் வந்தது. முதல் கிழமை மழையைக் குற்றம் சொன்னோம். இரண்டாம் கிழமை ஐஸ்கிரீமை. மூன்றாம் கிழமை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தங்கச்சி போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மச்சானின் அறிக்கை. இந்த முறை அவளே விரலால் தள்ளிக் கடைசி வரிகளைக் காட்டினாள்.

"இதை வாசியுங்கோ."

வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல், அதன் நடுவே குழி. சளியைச் சோதிக்கவும். தாமதிக்காமல் நெஞ்சுநோய் வைத்தியரிடம் காட்டவும்.

"இதை எப்ப கண்டனி?"

"அண்டைக்கே. உங்களிட்டத் தரமுதலே வாசிச்சனான்."

கை தானாக எழுந்தது. பொய் சொல்லமாட்டேன், அடிக்கத்தான் எழுந்தது. ஐந்து கிழமை! அந்த மனிதனோடு ஒரே அறையில் படுத்த பிள்ளை உள்ளே இருமிக்கொண்டிருக்கிறது! தங்கச்சி பின்வாங்கவில்லை. முகத்தையும் மறைக்கவில்லை. இடது முழங்கையை மடக்கி இடுப்புக்கு மேலே பக்கத்தை மூடிக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் நின்றாள். எந்த அடி எங்கே விழும், எவ்வளவு நேரத்தில் முடியும் என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. என் கை அந்தரத்தில் நின்றது. அந்த இடத்தில் எனக்கும் மச்சானுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கையை இறக்கி, கதிரையில் இருந்தேன்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் போகச் சொல்லுவியள்."

"நானா?"

"நீங்களும்தான். பொலிஸ் அனுப்பாட்டிலும் இந்த நோய் என்னை அனுப்பும் அண்ணா. மனுசன் வருத்தக்காரன், பார்க்க ஆளில்லை எண்டு உலகமே சொல்லும். பிள்ளைக்கும் வரும் எண்டு நான் யோசிக்கேல்லை. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடாது எண்டு மட்டும்தான் யோசிச்சனான்." அதற்குப் பிறகுதான் அழுதாள்.

நான் அச்சடித்த அறிக்கையோடு மறுநாள் கடைக்குப் போனேன். மச்சான் பாதியாகியிருந்தார். சேர்ட் தோளில் தொங்கியது. என்னைக் கண்டதும், மறுபடியும் உதைக்க வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார். முக்காலங்குல இரும்புக் குழாய் ஒன்றை உருவினார்.

"நாலாவது வரியை வாசியும்" என்று கடதாசியை நீட்டினேன்.

"வழக்கை விடச் சொல்லிக் கதை விடுறீரோ!"

முதல் அடி என் தோளில் விழுந்தது. இரண்டாவதைக் கையால் தடுத்தேன், மணிக்கட்டு விறைத்துப் போனது. திருப்பி அடிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் திருப்பி அடிக்காத அடிகள் அவை இரண்டும்தான். மூன்றாவதுக்கு ஓங்கியவருக்கு இருமல் வந்தது. குழாய் விழுந்தது. குனிந்து இருமினார், நிமிர முடியாமல் இருமினார், லேஞ்சியால் வாயைத் துடைத்தார். லேஞ்சியில் சிவப்பு. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு நான் போய் ஓட்டோ பிடித்தேன்.

நெஞ்சுநோய்க் கிளினிக்கில் இருந்தது ஒரு முஸ்லிம் பெண் டொக்டர், சின்ன உருவம், பெரிய குரல். புதுப் படம் எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பென்சிலால் காட்டினார்.

"கறுப்பா தெரியுறது காத்து. வெள்ளையா தெரியுறது எலும்பு, இதயம். கறுப்பா இருக்க வேண்டிய இடத்துல வெள்ளை வந்தா அதை நிழல்னு எழுதுவாங்க. நிழல் வியாதியோட பேர் இல்ல. கசம்ங்கிற டீபியா, கட்டியா, பழைய தழும்பான்னு படம் மட்டும் சொல்லாது. அதுக்குத்தான் சளியைச் சோதிக்கச் சொல்லி எழுதுறது. அதை ஏன் யாருமே வாசிக்கல?"

"விலா எலும்பைத்தான் பார்த்தம் டொக்டர்" என்றேன்.

"புது வெடிப்பு சில நேரம் படத்துலயே தெரியாது. அதுக்காக அடிபட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று என் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார். "ரெண்டு கிழமைக்கு மேல இருமல், பின்னேரத்துல காய்ச்சல், உடம்பு இளைக்கிறது, இதுல ஒண்டு இருந்தாலே வரணும். இரத்தத்தைக் கண்டா அண்டைக்கே வரணும். படம் எடுத்தவங்க அறிக்கையைக் கடைசி வரி வரைக்கும் டொக்டர்ட்ட கொண்டுபோய்க் காட்டணும், அலுமாரிக்கு மேல வைக்கக் கூடாது."

சளியில் கசம் என்று வந்தது. ஆறு மாதத்துக்கு விழுங்கும் குளிசை, காசு கட்டத் தேவையில்லை, ஒருநாளும் விடக்கூடாது. அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லோரையும் சோதிக்கவேண்டும் என்றார்கள். பிள்ளையையும் தங்கச்சியையும் கூட்டிப் போனேன். பிள்ளைக்கு அந்த நோய் இல்லை, சாதாரண இருமல்தான். ஆனாலும் காவலுக்குக் குளிசை கொடுத்தார்கள். கிளினிக் வாசலில் நின்று மூன்று பேருமாக ஒரு முழுப் பனிஸ் வாங்கிப் பங்கிட்டுத் தின்றோம்.

தங்கச்சியின் சோதனை முடிவு மறுநாள் வந்தது. டொக்டர் படத்தை மாட்டினார். நுரையீரல் இரண்டும் சுத்தம் என்றார். நான் எழுந்தேன். அவர் இருக்கச் சொன்னார். அறிக்கையை நான் வாங்கி இந்த முறை நாலு வரியையும் வாசித்தேன். இடது பக்கம் ஆறாம், ஏழாம், எட்டாம் விலா எலும்புகளில் பழைய முறிவுகள், தானாகப் பொருந்தியவை.

டொக்டர் பென்சிலை வைத்த இடங்களில் எலும்பு கரும்புக் கணு மாதிரித் தடித்திருந்தது. "ஒரே நாள்ல உடைஞ்சது மாதிரித் தெரியல. விழுந்தீங்களா?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

"இல்லை" என்றாள் தங்கச்சி. அந்தக் கேள்விக்கு அவள் அப்படிப் பதில் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தைப்பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்தவள், இடுப்புக்கு மேலே கையை அழுத்திக்கொண்டு, பிள்ளையைத் தூக்க முடியாமல் இருந்தாள். வாய்வு என்றாள். "புருஷன் நல்லாச் சாப்பாடு போடுறான் போல" என்று பகிடி விட்டு, சோடா வாங்கிக் கொடுத்தேன். அவளும் குடித்தாள்.

மத்தியஸ்த சபை ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. சின்னப்பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க இருந்தோம். எதிரே மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். மச்சான் முகக்கவசம் போட்டிருந்தார். இரண்டு மாதக் குளிசையில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. உதைத்தது நான்தான், மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

"மன்னிப்பு எனக்குத் தேவையில்லை. நான் வருத்தக்காரன். மனுசி வந்து நேரத்துக்குக் குளிசை தந்தால் போதும், எல்லாத்தையும் விடுறன்" என்றார் மச்சான்.

தங்கச்சி பயந்த வார்த்தை, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, குடும்பம் எண்டால் முன்னப்பின்ன இருக்கும். வருத்தக்கார மனுசனைக் கைவிடுறது பாவம். ஆறு மாசம்தானே."

எனக்குள் ஏறியது. மேசையைத் தூக்கி எறிய ஒரு மூச்சுத்தான் இருந்தது. தங்கச்சி என் முழங்கையைப் பிடித்து அமர்த்திவிட்டு எழுந்தாள். மண்ணிற உறையிலிருந்து படத்தை எடுத்து, யன்னலடிக்குப் போய், வெயிலுக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"குளிசை கிளினிக்கில நேர்ஸுக்கு முன்னால விழுங்குறவர் ஐயா. அதுக்கு மனுசி தேவையில்லை. இது என்ர படம். இடப்பக்கம் மூண்டு எலும்பைப் பாருங்கோ."

மூன்று பேரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். மச்சான் வாங்கை விட்டு எழும்பவில்லை.

"இது எப்ப நடந்தது?" என்று அதிபர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"எந்தத் தரம் எண்டு எனக்கு ஞாபகமில்லை. இவருக்கு ஒரு உதைதான் விழுந்தது. அண்டைக்கே ரெண்டு இடத்தில படம் எடுத்தவர். எனக்குப் பன்னிரண்டு வருஷம், ஐயா. இதுதான் முதல் படம்."