ரோலா பஸ்ஸில் நாலு ராஜா

போனில் பணம் கட்டி வீடியோ போக்கர் ஆடுகிறவனுக்கு, ஜெயித்தபின் எப்போது நிறுத்துவது என்பதுதான் தலைவலி. எனக்கு அது இல்லை என்று பீற்றிக்கொண்டிருந்தேன். குடியிருக்கும் ரோலாவில் பஸ் ஏறினால் ஆட்டம் ஆரம்பம், துபாயில் பஸ் நின்றால் போன் பைக்குள். சூதாடிப் பிடிபட்டால் வேலையோடு விசாவும் போகும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு கணக்காளர், அதாவது நான், வகுத்த விதி. பெரிய அறிவாளி.

பக்கத்து சீட்டில் தினமும் துபாய் தேராவில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவர் வருவார். நான் திரையை நெஞ்சோடு ஒட்டி முறைப்பதைப் பார்த்து, ஆபீஸ் வேலையை பஸ்ஸிலேயே முடிக்கிற பொறுப்பான பிள்ளை என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். நான் மறுக்கவில்லை. பொறுப்பு தெரியட்டும் என்று நெற்றியை இன்னும் சுருக்கிக்கொண்டேன்.

அன்று மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். மதியத்துக்குள் அனுப்புகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை. டிராபிக்கில் பஸ் நகராமல் நிற்கையில் நாலு ராஜா விழுந்தது. கட்டணம் முழுவதும் திரையில் நின்றது. கீழே இரண்டு பொத்தான்: எடுத்துக்கொள், இரட்டிப்பாக்கு. இரட்டிப்பில் தோற்றால் எல்லாம் போச்சு. இரட்டிப்பாக்கினேன். ஜெயித்தேன்.

துபாய் வந்துவிட்டது.

“சார், இறங்கலையா?”

“ஒரே ஒரு மெயில் பாக்கி, பாய்.”

“உங்க முதலாளி கொடுத்துவச்சவரு” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வண்டி காலியானது. பெஷாவர்க்கார டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “கலாஸ், பாய்” என்று இறங்கச் சொன்னார். இறங்கினேன். இறங்கி, ரோலாவுக்குத் திரும்பும் வரிசையில் நின்று, அதே பஸ்ஸில் பஸ் கார்டைத் தட்டி ஏறினேன். பஸ் ஓடும்வரை ஆடலாம் என்பதுதானே விதி, பஸ் ஓடுகிறதே என்று கணக்காளர் தன்னைத் தானே ஆடிட் செய்து கையெழுத்தும் போட்டார். டிரைவர் என்னைப் பார்த்தார்.

ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. கட் செய்தேன். மறுபடியும் இரட்டிப்பு, மறுபடியும் ஜெயம். திரையில் இருந்த தொகைக்கு மகள் அந்த வருடம் முழுக்கப் படிக்கலாம். விரல் ‘எடுத்துக்கொள்’ பக்கம் போனது, போய் ‘இரட்டிப்பாக்கு’ பக்கமே திரும்பிவிட்டது.

சீட்டு திரும்பும் நேரத்தில் மனைவி அழைத்தாள். இந்நேரம் பள்ளியில் கட்டணம் வாங்கும் கவுண்டர் முன்னால் நிற்பாள். அவள் பெயர் திரையை மறைத்துக்கொண்டது, என்ன சீட்டு என்று தெரியவில்லை.

கட் செய்தேன்.

ஜெயித்திருந்தேன்.