தீவில் நடந்த அடக்கப் பூசை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இது ராத்திரியில் அரைத் தூக்கத்தில் கண்டதல்ல, உச்சி வெயிலில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அபுதாபியில் ஒரு கம்பெனியில் லேபராக இருந்தேன். கடலுக்குள் ஒரு தீவில் வெள்ளைக்காரர்கள் மண்ணைத் தோண்டி ஆராய்கிறார்கள், ஆள் வேண்டும் என்று எங்களில் சிலரைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். தோண்டத் தோண்ட வந்தது ஒரு தேவாலயம். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது என்றார்கள், இங்கே எப்படி என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். முழங்கால் உயரத்துக்குச் சுவர்தான் மிச்சம், ஆனால் மண்ணுக்குள்ளிருந்து செதுக்கிய சுண்ணாம்புக்கல் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. திராட்சைக் கொடி, ஓர் இலை, சிலுவையின் ஒரு கை, இப்படி.

அவற்றைக் கழுவும் வேலை ஆரோக்கியம் அண்ணனுக்கு. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். தீவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஊரில் அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்த பிள்ளை. பாஸ்போர்ட் எங்களுக்கு விசா கொடுத்த கஃபீலிடம் இருந்தது, அந்த அரபியோ வெளிநாட்டில், ஆபீசில் கேட்டால் பொறு பொறு என்றார்கள், அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்துவிட்டது. மனிதர் அழவில்லை. தண்ணீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லையும் பிள்ளையின் தலையைக் கழுவுவது போலக் கழுவிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கேம்ப்புக்குப் போய்விட்டோம், அவரை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது, அந்தக் குட்டைச் சுவர்களுக்குள் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், எனக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு. நீளமான அங்கி. பாட்டு மாதிரி ஒரு முணுமுணுப்பு, அரபியும் இல்லை, மலையாளமும் இல்லை. யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் போல என்றுதான் நினைத்தேன், பயமே இல்லை. பக்கத்தில் போய், "அண்ணே" என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான், யாருமில்லை. ஆரோக்கியம் அண்ணன் மட்டும் மண்ணில் முழங்காலிட்டிருந்தார். அவர் முன்னால், பீடம் இருந்ததாக வெள்ளைக்காரர்கள் சொன்ன இடத்தில், சிலுவை செதுக்கிய ஒரு கல். அவர் முகமெல்லாம் கண்ணீர்.

"முடிஞ்சிட்டு தம்பி" என்றார். "பிள்ளைய நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சி. அவ பேரச் சொல்லித்தான் பூசை வச்சாங்க. எனக்குக் கேட்டுது."

அவர் கல்லை எடுத்துப் போய், கழுவிய கற்களை அடுக்கும் தட்டில் பழைய இடத்திலேயே வைத்தார், கேம்ப்புக்கு வந்து எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். அவர் சட்டையில் சாம்பிராணி வாசம். நம்பினால் நம்புங்கள், எங்கள் ஃபோர்மேன் பாகிஸ்தான் பட்டாணியர், அவரே மோந்து பார்த்து, கேம்ப்பில் யார் புகை போட்டது என்று சத்தம் போட்டார். அந்தத் தீவில் ஏது சாம்பிராணி?

ஆரோக்கியம் அண்ணன் பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டார். வெயில், கானல், பசி மயக்கம் என்று நானும் எனக்கு என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் அவரிடம்கூட நான் சொன்னதில்லை. நான் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால், வரிசையின் கடைசியில் நின்றவர், திரும்பிப் பார்க்காமலே, மெதுவாக ஓரடி தள்ளி நின்றார். தாமதமாக வந்த ஒருவனுக்கு இடம் விடுகிற மாதிரி.