கலியபெருமாள் திறக்காத சூளை

கலியபெருமாளின் மகன் போன் செய்தபோது, ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில் நான் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே மப்பும் மந்தாரமுமாக இருந்தது. “இதே மாதிரி ஒரு நாள்லதான் கலியபெருமாள் அவசரப்பட்டுச் சூளையத் தொறந்து, அத்தன பொம்மையையும் படபடன்னு வெடிக்க வெச்சான்” என்று நான் கையை விரிக்க, கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் போன் அடித்தது.

“மாமா, அப்பா போயிட்டாருங்க.”

பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான், பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பீங்கான் சூளையைப் பற்றிச் சொல்ல விருத்தாசலத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஒருவர் இருந்தார். அவரும் இப்போது இல்லை.

வெயில் இல்லாத நாளில் அச்சிலிருந்து எடுத்த பொம்மை காயாது. நான் வானத்தைப் பார்த்துத் திட்டுவேன். என் சத்தத்துக்குக் கம்மாபுரம் வரைக்கும் மேகம் கலைந்ததுண்டு. கலியபெருமாள் சிரிப்பார். “நீ கத்துனா வெயிலு வந்துடுமா மச்சான்? வா, டீ குடிச்சிட்டு வரலாம்.” திரும்பி வந்ததும் ஈரப் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பார். அவரால் முடிந்தது அது. மேகத்தோடு அவருக்குச் சண்டை இல்லை.

ஒரு வருடம் கொலுவுக்குப் போகவேண்டிய சரக்கு சூளையில் இருந்தது. நெருப்பு அணைந்தபின் இரண்டு நாள் ஆறவேண்டும். நானோ வியாபாரியிடம், “நாளைக்குக் காலையில சரக்கு உங்க வண்டியில இருக்கும்” என்று மார்தட்டிவிட்டேன். காலையில் தூறல். கலியபெருமாள் சூளை வாசலை அடைத்திருந்த செங்கல்லில் கைவைத்துப் பார்த்தார். “இன்னும் சூடு இருக்குது. தொட்றாத” என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

நான் கல்லை எடுத்தேன். ஈரக்காற்று உள்ளே போனது. டிக், டிக் என்று ஒரு சத்தம். பிறகு சூளை முழுக்க அதே சத்தம்.

முதலாளி ஓடி வந்து, “எவன்டா தொறந்தது?” என்றார். ஊரெல்லாம் பேசும் என் வாய் அன்று திறக்கவில்லை. தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்ற கலியபெருமாள் என்னை ஒருமுறை பார்த்தார். பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“நான்தாங்க.”

அதன்பின் அவரைச் சூளைப் பக்கம் விடவில்லை. கடைசிவரை மண் கலக்கும் வேலைதான். “ஏன் மச்சான் அப்டிச் சொன்ன?” என்று அன்று சாயங்காலம் கேட்டேன். “வெடிச்சது ஒட்டவா போவுது? அடுத்த வாரம் உன் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். வேல போச்சுன்னா என்ன பண்ணுவ? போ, போ.”

அவர் திறந்ததாக முதலில் பயத்தில்தான் சொன்னேன். ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கக் கதையை வளர்த்தேன். ஒருநாள் அவர் பின்னால் நிற்பது தெரியாமல் சொல்லி முடித்தேன். அவரும் சிரித்துவிட்டு என் காதில் சொன்னார்: “போன தடவ சொன்னப்ப அந்தச் சத்தத்துக்கு நாயி ஒண்ணு பயந்து ஓடுச்சே, அத விட்டுட்டியே மச்சான்.” அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை நாயைச் சேர்த்துக்கொண்டேன்.

கருவேப்பிலங்குறிச்சியில் அவர் வீட்டுக்குப் போனபோதும் மந்தாரம் விலகவில்லை. பந்தலில் அவர் மகன், “மாமா, அப்பா சூளையத் தொறந்த கதையச் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் நல்லாருக்கும்” என்றான். அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு கேட்டான். மாலையை அவர் காலடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்; அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

தம்பி, உன் அப்பா சூளையைத் திறக்கவில்லை. அங்கே நாயும் ஓடவில்லை. வெடித்தது இனி ஒட்டாது, தெரியும். அவர் காதில் இது விழப்போவதும் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் வைத்துக்கொள்கிறேன். இனிமேல் டீக்கடையில் யார் கேட்டாலும், சூளையைத் திறந்தது எவன் என்றால், அதைத்தான் சொல்வேன்.

நான்தாங்க.