எஞ்சினை நிறுத்தாமல் கழற்றிய சில்லு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டிலும் சொல்வார்கள், வெளியிலும் சொல்வார்கள். இருக்கட்டும். காருக்குக் காற்றுப்போனால் மட்டும் நான் ஒரு ஒழுங்கோடுதான் சில்லு மாற்றுவேன். எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, ஆட்களை இறக்கி ரோட்டோரம் தள்ளி நிற்கவைத்து, மற்றப் பக்கத்துச் சில்லுகளுக்குக் கல் கொடுத்து, நட்டுகளை இளக்கிய பிறகுதான் காரைத் தூக்குகிற ஜக்கைத் தொடுவேன். தர்மபுரத்தில் வாடகைக் கார் ஓடிய மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறேன். அந்த ஒழுங்கை நான் ஒரே ஒரு நாள் மீறினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யுத்தம், தடை. வன்னிக்குள் பெற்றோல் கண்ணில் காணக் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது, சூடான எஞ்சினும் ஒரு தரம் நின்றால் லேசில் பற்றாது. கொஞ்சம் பெற்றோல் ஊற்றிக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அதனால் கிளப்பிய காரைப் போய்ச் சேரும்வரை எவரும் நிறுத்துவதில்லை. கடைக்குள் போய்ச் சாமான் வாங்கினாலும், கோயில் வாசலில் கும்பிட்டு நின்றாலும், கார் வெளியே தன்பாட்டில் புகைத்துக்கொண்டு நிற்கும். என் சீற்றுக்கு அடியில் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் துணி சுற்றிக் கிடந்தது. ஒரு தரம் கிளப்பப் போதும். கேட்பவர்களிடம் எல்லாம் துளிகூட இல்லை என்று கையை விரிப்பேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், நான் மட்டுமில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். வாய்க்கால் கரைக் குடியிருப்பில் இருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். மலைநாட்டில் இருந்து வந்து காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டிருந்த குடும்பம். மனைவிக்குக் கச்சான் தோட்டத்தில் புடையன் பாம்பு கடித்துவிட்டது.

"அண்ணே, கால் ரெண்டு மடங்கா வீங்கிருச்சுண்ணே. கொஞ்சம் சீக்கிரமா வாங்க" என்றார்.

நான் வீட்டில் வேறொரு போத்தலில் கடைசியாகக் கிடந்த பெற்றோலை ஊற்றிக் காரைக் கிளப்பினேன். அந்தப் பெண்ணைப் பின் சீற்றில் நீட்டிப் படுக்க வைத்தோம். முப்பது வயதும் இராது. பல் ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. புடையன் கடிக்கு அது கூடாத குறி. ஊசி மருந்து புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. கடிபட்டவரை நடக்கவிடக்கூடாது, அசைக்கக்கூடாது என்று வழியில் நான்தான் அவருக்குச் சொன்னேன்.

உடையார்கட்டு கழிந்து வெளியான ஒரு இடத்தில் பின் இடது ரயர் வெடித்தது. அது ஏற்கெனவே உள்ளே துண்டு வைத்துத் தைத்த ரயர். இறங்கிப் பார்த்தேன், கிழிந்து தொங்கியது. ரோட்டில் ஒரு சனம் இல்லை. மேலே எங்கேயோ ஹெலிகொப்டரின் இரைச்சல் கேட்பதுபோலவும் இருந்தது, கேட்காததுபோலவும் இருந்தது. கண்டால் சுடுவார்கள். வெட்டவெளியில் ஒரு காரை நிறுத்திவைப்பது அந்த நாட்களில் வாயால் கேட்டு வாங்குகிற வினை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் எஞ்சின் சும்மா ஓடாது, காரையே உலுக்கி உலுக்கி ஓடும். நான் நட்டுகளை இளக்கிவிட்டு, பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் ஜக்கைப் பூட்டத் தொடங்கினேன்.

"அண்ணே, இஞ்சின நிப்பாட்டிட்டுத் தூக்குங்கண்ணே. ஆடுதே" என்றார் அவர்.

"நிப்பாட்டினா ஆர் கிளப்புறது? பெற்றோலுக்கு எங்க போறது?"

"துளிகூட இல்லைங்களா?"

"இல்லையெண்டு சொல்லுறன். நீர் பேசாம அங்கால நில்லும்."

அவர் நம்பினார். போத்தல் என் சீற்றுக்கு அடியில், அவருடைய மனைவியின் தலைக்கு இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. அதை ஊற்றிவிட்டால் திரும்பி வருகிற வழியில் கார் நின்றுபோனால் என்ன செய்வேன், நாளைக் காலை எதை வைத்துக் கிளப்புவேன் என்றுதான் என் புத்தி ஓடியது. பெரிய கெட்டவன் இல்லை நான். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு என் கார்தான் முன்னுக்கு நின்றது.

அவர் பேசாமல் நிற்கவில்லை. இரண்டு கல்லைத் தேடிக் கொண்டுவந்து முன் சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்தார். நான் வெடித்த சில்லைக் கழற்றிப் பக்கத்தில் எறிய, அதை எடுத்து உருட்டிவந்து காரின் அடியில் படுக்க வைக்கப் பார்த்தார்.

"என்ன காணும் செய்யிறீர்? என்ர கைக்குக் குறுக்கால வராதையும்."

"விழுந்தாலும் இதுமேல விழும்ணே. எஸ்டேட்ல லொறிக்கு இப்புடித்தான் வைப்போம்."

"என்ர கார் இண்டைக்கு நேற்றே ஓடுது? எனக்குப் படிப்பிக்க வந்திட்டீர்" என்று கத்தினேன். பின் சீற்றில் இருந்து அந்தப் பெண், "என்னங்க, சண்டை போடாதீங்க" என்று முனகினாள். அவளுடைய குரல் குழறத் தொடங்கியிருந்தது. அதைக் கேட்டதும் நான் டிக்கியில் இருந்து மாற்றுச் சில்லை எடுத்து உருட்டிவந்தேன்.

நான் முழங்காலைக் காருக்கு அடியில் ஊன்றி அந்தச் சில்லைத் தூக்கி வைக்க, கார் மாட்டுக்கு ஈ மொய்த்ததுபோல ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. ஜக் பலகையில் இருந்து நழுவுவதைக் கண்ணால் கண்டேன். கண்டும் என்னால் காலை இழுக்க முடியவில்லை. அவர் குனிந்து, பாதி உள்ளே படுக்க வைத்திருந்த வெடித்த சில்லை இரண்டு கையாலும் இன்னும் உள்ளே தள்ளினார். கார் அதன்மேல் வந்து இருந்தது. இரும்புக்கும் நிலத்துக்கும் நடுவில் என் முழங்கால் நசுங்காமல் கிடந்தது. நான்கு விரற்கடை இடைவெளி, அவ்வளவுதான். அந்தச் சில்லு இல்லாவிட்டால் இன்றைக்கு நான் ஒற்றைக் காலோடுதான் நடந்திருப்பேன்.

விழுந்த அதிர்ச்சியில் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

அதற்குப் பிறகு வந்த அமைதியில் அந்தப் பெண் மூச்சு வாங்குவது மட்டும்தான் கேட்டது. ஆடாத காரை ஜக் ஒழுங்காகத் தூக்கியது. சில்லைப் போட்டு நட்டுகளை இறுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலிலேயே நிறுத்தியிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்போம். அவர் ஒரு கையைத் தோளில் கிடந்த துவாயால் சுற்றிக்கொண்டு மற்றக் கையால் நட்டுகளை எடுத்துத் தந்தார். சூட்டுக்குச் சுற்றியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மண்ணெண்ணெயிலேயே கிளப்பிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. இன்னொரு தரம், அதுவும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கண் இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. சீற்றுக்கு அடியில் கையை விட்டுப் போத்தலை எடுத்தேன். துணியை அவிழ்க்கும்போது அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெற்றோல் முழுவதையும் ஊற்றினேன். கார் பிடித்தது.

வல்லிபுனம் தாண்டும்போதுதான் முன் சீற்றில் அவருடைய துவாய் நனைந்து சிவந்திருப்பதைக் கண்டேன். இடுப்பில் கட்டியிருந்த சாறத்திலும் சொட்டிக்கொண்டிருந்தது.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க ஓட்டுங்க. அவளுக்குக் கேக்கப்போவுது."

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே எடுத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அது தெரிந்த பிறகுதான் அவர் துவாயை அவிழ்த்தார். நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் கூழாகிக் கிடந்தன. மருந்து கட்ட வந்த நேர்ஸ் மிஸ்ஸி, "என்னெண்டு இப்பிடி?" என்று கேட்டா.

"சில்லு மாத்தும்போது நானா போயிக் கைய வச்சிட்டேங்க. கவனிக்கல" என்றார்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தா. "அப்பிடியோ?"

"ஓம்" என்றேன்.

இரண்டு விரலையும் முதல் கணுவோடு எடுக்கவேண்டி வந்தது. களை பிடுங்குகிற, கச்சான் கிண்டுகிற கை.

பத்து நாள் கழித்து அவர்களை வீட்டுக்கு ஏற்றிவந்தேன். அவள் வெளிறிப்போய் இருந்தாலும் நன்றாகக் கதைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை. நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை என்று மூன்று தரம் சொன்னாள். பிறகு புருஷனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த மனுசனுக்கு ஒண்ணுலயும் கவனமில்லண்ணே. காருக்கு அடியில போயி யாராவது கைய வைப்பாங்களா? நீங்களே இவருக்கு நல்லாச் சொல்லிக் குடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"சொல்லுறன் தங்கச்சி" என்றேன்.