அட்டையில் வந்த நார்மன்

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இரண்டாவது கடிதத்திலும் அதே பல்லவிதான். புரோஸ்டேட் சுரப்பியில் சதை எடுத்துப் பார்க்கும் சோதனை பெண் உறுப்பினர்களுக்குப் பொருந்தாது, ஆகவே செலவை ஏற்க இயலாது. நோஹேயா அதைப் படித்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் முதல் கடிதத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தாள்.

அறுபத்தொன்பது வயது அவளுக்கு. ஹவாய்த் தீவில் ஹிலோ என்கிற ஊரில், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். ஆண் என்று எழுதப்பட்ட பிள்ளை பெண்ணாக வாழ்வது அந்தத் தீவுக்கு ஒன்றும் புதிதில்லை. அதற்கு மாஹூ என்று பழைய சொல்லே இருக்கிறது. ஊருக்குத் தெரிந்த விஷயம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை. ஐம்பது வயதில் செருப்புத் தேய அலைந்து தன் தாள்களில் எல்லாம் பெண் என்று மாற்றி வாங்கினாளே, அதுவே இப்போது குறுக்கே நின்றது. இரத்தத்தில் புற்றுநோய்ச் சந்தேகத்தைக் காட்டும் அளவு ஏறிக்கொண்டே போகிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தேனாகத்தான் பேசினாள்.

"உங்க பழைய பதிவு அப்படியே இருக்கும்மா. ஆண்னு அதைத் திறந்துட்டா சிஸ்டம் தானா விட்டுடும்."

"அதுல என்ன பேர் இருக்கு?"

"நார்மன்."

"ரொம்ப நன்றி" என்று நோஹேயா போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பெயரின் கதை இதுதான். அவள் பிறப்பதற்கு முதல் நாள் அப்பாவின் அக்காவுக்குக் கனவில் ஒரு குரல் பெயர் சொல்லியது. கனவில் வந்த பெயரை வைத்தே ஆக வேண்டும். தட்டினால் பிள்ளை நோயில் விழும். ஹவாய் மக்களுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. அப்பாவோ, நாலு பேர் போல இருக்கட்டும் என்று நார்மன் என எழுதிவிட்டார். ஆறு வயது வரைக்கும் காய்ச்சலும் இருமலுமாகப் பிள்ளை படுத்தே கிடந்தது. கடைசியில் பயந்துபோய்க் கனவுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரே வாரத்தில் பிள்ளை எழுந்து முற்றத்தில் ஓடியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நோஹேயா நம்பினாள். அவளோடு முப்பத்தொரு வருடமாக வாழ்கிற மெல்வினும் நம்பினான்.

நம்பியவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற முரட்டு ஆள், அவளுக்குத் தெரியாமல் கம்பெனிக்குப் போன் போட்டு, "நான்தான் நார்மன் பேசறேன்" என்று சொல்லிவிட்டான். பத்தே நாளில் நார்மன் பேரில் புது இன்ஷூரன்ஸ் அட்டை வந்தது, சோதனைக்கு அனுமதியும் கூடவே வந்தது.

நோஹேயா அட்டையை மேசையில் வைத்தாள்.

"யாருய்யா இந்த நார்மன்? நம்ம வீட்டுலயா குடியிருக்கான்?"

மெல்வின் தலையைத் தூக்கவில்லை. "எனக்குப் பயமா இருந்துச்சு."

"பயமா இருந்தா சாமி கும்பிடு. என்னைப் படுக்கையில போட்ட பேரையே போத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றியா?"

"நீ போயிட்டா, உன் பேரைச் சொல்லி நான் யாரைக் கூப்பிடறது?"

அவள் அட்டையைக் கவிழ்த்துப் போட்டாள். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. ஆனால் சோதனை நாளன்று காலையில் நல்ல கவுனை எடுத்து உடுத்தி, காதோரம் பூ வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். அவனுக்காகத்தான் ஏறினாள், பாவம்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் நிறைய. கவுண்டரில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"நார்மன்."

நோஹேயா அசையவில்லை.

"நார்மன் இருக்காரா?"

பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். எழுந்திருக்கத்தான் பார்த்தாள், கால் வரவில்லை. முகம் வெளிறி, மேலுதடெல்லாம் வியர்த்துவிட்டது. மெல்வின் அந்த முகத்தைப் பார்த்தான். தான் என்ன செய்துவைத்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்து கவுண்டருக்குப் போனான்.

"அப்படி ஒரு ஆளே கிடையாதும்மா. போன்ல நான்தான் பொய் சொன்னேன். சோதனை அதோ, அவங்களுக்குத்தான்."

அந்தப் பெண், ஜோய்ஸ் நகாசோனே, எட்டிப் பார்த்தாள். "அய்யோ, சமையல்கட்டு ஆன்ட்டி. எனக்கு எப்பவும் ரெண்டு கரண்டி சேத்து வைப்பாங்களே."

பிறகு கோப்பைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட முகம் சுருங்கியது.

"அங்கிள், பெண்ணுன்னே அனுப்பியிருக்கலாம். இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே பில்லுல ஒரு குறியீடு இருக்கு, அதைப் போட்டா இன்ஷூரன்ஸ்காரங்க மறுக்க மாட்டாங்க. நாங்க போடாம விட்டுட்டோம்."

"அப்ப வந்த ரெண்டு கடிதம்?"

"எங்க தப்புதான். உட்காருங்க, இன்னிக்கே முடிச்சுத் தரேன்."

முக்கால் மணி நேரம் ஜோய்ஸ் காதில் போனோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் வரிசை முனகியது, அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போனை வைத்ததும், மணிக்கட்டில் கட்டுகிற பட்டையை எடுத்தாள்.

"ஒத்துக்கிட்டாங்க. இனிமே நார்மன் கிடையாது. ஆன்ட்டியோட முழுப் பேர் சொல்லுங்க."

கனவில் வந்த அந்த முழுப் பெயரை வெளியே யாரும் சொல்வதில்லை. மெல்வினும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை, வீட்டில் வெறும் 'நோ' தான். அவன் ஒவ்வோர் அசையாக, ஒரு பிசகும் இல்லாமல் சொன்னான்.

"கனோஹேயாஓகேஆஹியாஹி. அந்தி நேரத்து அழகுன்னு அர்த்தம்."

பட்டையில் இடம் போதவில்லை. ஜோய்ஸ் இன்னொரு பட்டையைச் சேர்த்து ஒட்டி எழுதி, நாக்கு தடுமாறத் தடுமாற வாசித்துக் கூப்பிட்டாள். நோஹேயா எழுந்தாள். கால் வந்தது.

பட்டையைக் கட்டிக்கொண்டே மெல்வினைப் பார்த்தாள். "எப்பய்யா கத்துக்கிட்ட?"

"உன் அத்தையோட பைபிள்ல எழுதியிருந்துச்சு. நீ பேசாம இருந்தியே அந்த ஒரு வாரம், தினமும் சொல்லிப் பாத்துக்கிட்டேன்."